கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச்சும் கோர்-பூத் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்து விடுதலை வரலாறு பற்றிப் பேச உட்கார்ந்தால் கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச்சின் பெயர் வராமல் இருக்காது. பெயர் வந்ததும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். கையில் துப்பாக்கி, தலையில் இறகு வைத்த தொப்பி என்ற அந்தப் புகைப்படத்தைப் பலர் பார்த்திருக்கிறார்கள், அதோடு நின்றும் விடுகிறார்கள். அவருடைய தாத்தா, தந்தை, தங்கை, தம்பி, கணவர், மகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் என்ன செய்தார் என்பதன் கனம் தெரியும். கேள்விகளை என்னிடம் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தருகிறேன்.

யாருங்க இவங்க? சுருக்கமா சொல்லுங்களேன்.

1868 பிப்ரவரி 4 அன்று லண்டனில் பிறந்து, அயர்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்லைகோ வட்டாரத்திலுள்ள லிஸ்ஸடெல் மாளிகையில் வளர்ந்த நிலப்பிரபு வீட்டுப் பெண். பிறந்தபோது பெயர் கான்ஸ்டன்ஸ் கோர்-பூத். லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் படித்தார். கசிமிர் மார்க்கியெவிச் என்ற போலந்து ஓவியரை மணந்தார். நாற்பது வயதில் அயர்லாந்து விடுதலை இயக்கத்தில் இறங்கினார்.

1916-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் ஆயுதம் ஏந்தி மரண தண்டனை பெற்றார். அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1918 தேர்தலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் இவர்தான். 1919-ல் அயர்லாந்தின் தொழிலாளர் துறை அமைச்சரானார். 1927 ஜூலை 15 அன்று டப்ளினில் இறந்தார்.

ஆங்கிலோ-ஐரிஷ்னா அப்பா ஆங்கிலேயர், அம்மா ஐரிஷ்னு அர்த்தமா?

இல்லை. அது ஒரு வர்க்கத்தின் பெயர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து அயர்லாந்தை அடக்கியபோது, பழைய கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலங்களைப் பறித்துப் படைவீரர்களுக்கும் குடியேறியவர்களுக்கும் கொடுத்தது. அவர்களின் வாரிசுகள்தான் ஆங்கிலோ-ஐரிஷ். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். நிலம், நீதிமன்றம், படை அதிகாரம், நாடாளுமன்றம் எல்லாம் நெடுங்காலம் இவர்கள் கையில் இருந்தன. உழுதவர்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

ஜமீன்தார் மாதிரியா என்று கேட்பார்கள். குத்தகை வாங்கும் விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் இங்கே நிலப்பிரபுவுக்கும் குடிக்கும் மதம் வேறு, பூர்வீகம் வேறு, தொடக்கத்தில் மொழியும் வேறு. இருநூறு முந்நூறு ஆண்டுகள் அந்த மண்ணிலேயே வாழ்ந்தும், அந்நியர் என்ற பேச்சு அவர்களை விட்டுப் போகவில்லை. அதே வர்க்கத்திலிருந்து விடுதலைக்காக நின்றவர்களும் வந்தார்கள். தன்னாட்சி இயக்கத்தின் பெருந்தலைவர் பார்னெல்லே ஒரு புராட்டஸ்டன்ட் நிலப்பிரபுதான். கோர் குடும்பத்தின் மூதாதை பால் கோர், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் படைவீரராக அயர்லாந்துக்கு வந்தவர். பிறகு பூத் குடும்பத்துடன் திருமண உறவு ஏற்பட்டு, இரண்டு பெயர்களும் சேர்ந்து கோர்-பூத் ஆனது.

எவ்வளவு பெரிய பணக்காரக் குடும்பம்? அந்த மாளிகை எப்படி இருக்கும்?

கான்ஸ்டன்ஸ் சிறுமியாக இருந்தபோது குடும்பத்துக்கு ஸ்லைகோவில் சுமார் 32,000 ஏக்கர் இருந்தது. லிஸ்ஸடெல் 1830-களில், தாத்தா சர் ராபர்ட் காலத்தில் கட்டப்பட்டது. சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், கிரேக்கக் கோயில்களை நினைத்து வரைந்த கட்டடம், அலங்காரம் குறைவு. முன்னால் கடல், பின்னால் பென்புல்பென் மலை. தனக்கென்று எரிவாயு தயாரித்து விளக்கேற்றிய வீடு அது.

எனக்குப் பிடித்த இடம் சாப்பாட்டு அறை. கான்ஸ்டன்ஸின் கணவர் கசிமிர் 1908 வாக்கில் அங்கே தங்கியிருந்தபோது, சுவரோடு ஒட்டிய தூண்களில் நெட்டையான ஆள் உருவங்களை வரைந்தார். குடும்பத்தாரோடு, தலைமைப் பணியாளர் தாமஸ் கில்காலன், வனக்காவலர், வேட்டைக் காவலர் ஆகியோரும் அதில் இருக்கிறார்கள். எசமானர்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறையில், பரிமாறியவரின் முகம் சுவரில் நிரந்தரமாக ஏறிவிட்டது. இன்றும் அந்த ஓவியங்கள் இருக்கின்றன.

பெரும்பஞ்சத்துல இவங்க தாத்தா மக்களைக் காப்பாத்தினாரா, விரட்டினாரா? ரெண்டு விதமாவும் படிச்சேன்.

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதை சொல்கிறார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் தொடங்கியபோது, சர் ராபர்ட் கோர்-பூத் தானியம் வரவழைத்துக் குடிகளுக்குக் கொடுத்தார். அதற்காகச் சொத்தையே அடகு வைத்தார் என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். உள்ளூர் நிவாரண வேலைகளில் முன்னின்றவர் என்பதில் ஐயமில்லை.

பஞ்சத்துக்கு முன்பே, 1830-களில், அவர் புதிதாக வாங்கிய பாலிகில்கன் பகுதியில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தினார். அந்த வடு ஸ்லைகோ மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. 1847-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிகளைத் தன் செலவில் கப்பலேற்றி, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதிக்கு அனுப்பினார். உயிர் பிழைக்க வழி செய்தார் என்றும் சொல்லலாம், நிலத்தைக் காலி செய்துகொண்டார் என்றும் சொல்லலாம். கப்பலில் ஏறியவர்களில் பலர் நோயும் பசியுமாகப் போய் இறங்கினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் மூழ்கிய கப்பலில் செத்தார்கள் என்ற பாட்டிக் கதைக்குக் கப்பல் பதிவுகள் ஆதாரம் தரவில்லை. ஆனால் அந்தக் கதை தலைமுறைகள் தாண்டி நின்றதற்குக் காரணமான வேதனை பொய்யில்லை.

அப்பா வட துருவத்துக்குப் போனவர்னு சொல்றாங்களே?

உண்மை. சர் ஹென்றி கோர்-பூத்துக்கு ஆர்க்டிக் கடல் மேல் தீராத மோகம். 'காரா' என்ற சொந்தப் பாய்க்கப்பலில் வடக்கே போனார். கப்பல் உடைந்து பனியில் சிக்கியிருந்த நண்பர் லீ ஸ்மித்தைத் தேடி 1882-ல் புறப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தூணில் வரையப்பட்ட கில்காலன் இந்தப் பயணங்களில் உடன் போனவர்.

1879-80-ல் மறுபடி விளைச்சல் பொய்த்தபோது, சர் ஹென்றி லிஸ்ஸடெல்லில் உணவுக் கிடங்கு வைத்துக் குடிகளுக்கு வழங்கினார். கான்ஸ்டன்ஸுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. தங்கை ஈவாவுக்கு ஒன்பது. பசித்தவர்கள் வாசலில் நின்றதை இரு பெண்களும் பார்த்து வளர்ந்தார்கள். தாய் ஜார்ஜினா அந்த ஊர்ப் பெண்களுக்காகத் தையல் பள்ளி நடத்தினார். தந்தை 1900 தொடக்கத்தில் இறந்தார்.

கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?

ஐந்து பேரில் கான்ஸ்டன்ஸ் மூத்தவர். அடுத்து ஜோஸ்லின், ஈவா, மேபல், மார்டண்ட். பட்டமும் நிலமும் ஆண் வாரிசுக்குத்தான் என்பதால், அக்கா இருக்க தம்பி ஜோஸ்லின்தான் ஆறாவது பேரனட் (பரம்பரையாக வரும் 'சர்' பட்டம்) ஆனார்.

இவர்களில் ஈவாவை அறியாமல் கான்ஸ்டன்ஸைப் பற்றிப் பேசக்கூடாது. 1870-ல் பிறந்த ஈவா கவிஞர். 1896-ல் இத்தாலியில் உடல்நலம் தேறப் போயிருந்தபோது எஸ்தர் ரோப்பரைச் சந்தித்தார். எஸ்தர் மான்செஸ்டரில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்துக்கொண்டிருந்தவர். ஈவா மாளிகை வாழ்க்கையை உதறிவிட்டு அங்கே போய், கடைசிவரை எஸ்தரோடு வாழ்ந்தார். பஞ்சாலைப் பெண்கள், சுரங்க வாயிலில் நிலக்கரி பிரிக்கும் பெண்கள், மதுக்கடையில் பரிமாறும் பெண்கள் என்று யாரும் கண்டுகொள்ளாத தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். அக்கா முழுமூச்சாக அரசியலுக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே தங்கை களத்தில் இருந்தார். இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

குதிரை வண்டி ஓட்டி சர்ச்சிலைத் தோற்கடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டே, நிஜமா?

ஓட்டியது நிஜம், சர்ச்சில் தோற்றதும் நிஜம். 1908-ல் மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதியில் இடைத்தேர்தல். மதுக்கடைகளில் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்க வழி செய்யும் ஒரு மசோதாவை எதிர்த்து ஈவாவும் எஸ்தரும் பிரசாரம் செய்தார்கள். கான்ஸ்டன்ஸ் அயர்லாந்திலிருந்து வந்து, நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியை நகர் முழுக்க ஓட்டினார். கூட்டத்தில் ஒருவர் "சமைக்கத் தெரியுமா?" என்று கத்த, "தெரியும். உனக்கு நாலு குதிரை வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றாராம். வின்ஸ்டன் சர்ச்சில் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தப் பிரசாரம் எல்லோர் கண்ணிலும் பட்டது.

கணவர் உண்மையிலேயே 'கவுண்ட்' பட்டம் உள்ளவரா?

சந்தேகம்தான். கவுண்ட் என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் பட்டம். கசிமிர் டூனின் மார்க்கியெவிச், இன்றைய உக்ரைனில் நிலம் வைத்திருந்த ஒரு போலந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாரிஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டன்ஸ் அவரைச் சந்தித்த 1899-ல்தான் அவருடைய முதல் மனைவி இறந்தார். அவர்களுக்கு ஸ்டானிஸ்லாஸ் என்ற சிறு மகன் இருந்தான். ஜோஸ்லின் கவலைப்பட்டு, உக்ரைன் அப்போது ரஷ்யாவின் கீழ் இருந்ததால், பாரிஸிலிருந்த ரஷ்ய அதிகாரிகள் மூலம் விசாரித்தார். கவுண்ட் பட்டத்துக்கு அவருக்கு உரிமை இல்லை என்று பதில் வந்தது.

அதனால் காதல் நிற்கவில்லை. 1900 செப்டம்பரில் லண்டனில் திருமணம் நடந்தது. 1903-ல் டப்ளினில் குடியேறி, ஓவியம், நாடகம் என்று இருவரும் கலகலப்பாக வாழ்ந்தார்கள். மனைவியின் அரசியல் தீவிரமாகத் தீவிரமாக வழிகள் பிரிந்தன. 1913-ல் கசிமிர் பால்கன் போர்ச் செய்தி சேகரிக்கப் போனவர், பிறகு ரஷ்யப் படையில் சேர்ந்தார். மணமுறிவு நடக்கவில்லை, கசப்பும் இல்லை. கடைசி வரை கடிதங்கள் போய்வந்தன.

பெத்த பொண்ணை விட்டுட்டுப் புரட்சிக்குப் போனவங்கதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. மேவ் 1901 நவம்பரில் லிஸ்ஸடெல்லில் பிறந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் பாட்டி ஜார்ஜினாவிடமே விடப்பட்டாள். தாயின் வீட்டில் கூட்டமும் காவல்துறைச் சோதனையுமாக இருந்த காலத்தில், மகள் அமைதியான மாளிகையில் வளர்ந்தாள். இருவருக்கும் நடுவே தூரம் விழுந்தது. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாய் வேண்டும் என்ற வயதில் தாய் கூட இல்லை என்பது பெரிய இழப்பு.

ஆனால் இதைக் கேட்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். விடுதலை இயக்கத்தின் தலைவர் டெ வலேரா 1919 ஜூன் முதல் 1920 டிசம்பர் வரை அமெரிக்காவில் இருந்தார், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தன. அவரிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டார்களா? தண்டனைச் சுவருக்கு முன் நின்ற 1916 தலைவர்களில் எத்தனையோ தந்தைகள் இருந்தார்கள். தியாகம் என்ற அதே சொல்லைத் தாய்க்கும் கொடுங்கள், அல்லது இருவரையும் ஒரே அளவில் கேள்வி கேளுங்கள்.

மாளிகையில வளர்ந்தவங்களுக்கு எப்படி இந்தப் புத்தி வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. 1887-ல் விக்டோரியா அரசியின் அவையில் அறிமுகம் ஆன பெண்தான் அவர். 1896-ல் ஈவாவோடு சேர்ந்து ஸ்லைகோவில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, டப்ளினுக்கு வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு குடிசை வீட்டில், முன்பு இருந்தவர் விட்டுப்போன தேசியவாதப் பத்திரிகைகள் கையில் கிடைத்தன. அவற்றைப் படித்ததும் தன் நாட்டைப் பற்றித் தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று உணர்ந்தார்.

1908-ல் 'அயர்லாந்தின் மகள்கள்' என்ற பெண்கள் அமைப்பின் கூட்டத்துக்கு பிரிட்டிஷ் அரசு மாளிகை விருந்திலிருந்து நேராக, பட்டு உடையும் வைர நகையுமாகப் போய் நின்றார். அங்கிருந்த பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது மிகவும் பிடித்துப் போனது. வாழ்க்கையில் முதன்முறையாக யாரும் தன் குடும்பப் பெயருக்காகப் பணியவில்லை அல்லவா! 1909-ல் பல்மர் ஹாப்சனோடு சேர்ந்து ஃபியானா ஏரன் என்ற சிறுவர் படையைத் தொடங்கினார். 1913-ல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை ஒடுக்க ஏறக்குறைய 20,000 தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, தொழிற்சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலின் அடித்தளத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர்களின் குடும்பங்களுக்குச் சூப் காய்ச்சினார். நகைகள் போயின, கடனும் ஏறியது. சிறு வயதில் லிஸ்ஸடெல்லில் பார்த்த உணவுக் கிடங்கை நான் இங்கேதான் நினைப்பேன். தந்தை எசமானராக இருந்து கொடுத்தார். மகள் அவர்களின் போராட்டத்தில் ஒருத்தியாக இருந்து கொடுத்தார். அந்த வேறுபாடு பெரியது.

1916-ல அவங்க என்னதான் செஞ்சாங்க? சும்மா சீருடை போட்டு நின்னாங்களா?

தொழிலாளர்களின் ஐரிஷ் குடிமக்கள் படையில் அதிகாரியாக இருந்தார். டப்ளின் நடுவே செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவைப் பிடித்த படைக்கு மைக்கேல் மாலின் தளபதி, இவர் அடுத்த நிலை. பூங்காவில் பதுங்கு குழி வெட்டினார்கள். பிரிட்டிஷ் படை பக்கத்து ஷெல்போர்ன் ஹோட்டல் மேலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதும், அறுவை மருத்துவக் கல்லூரிக் கட்டடத்துக்குள் பின்வாங்கி ஒரு வாரம் தாக்குப் பிடித்தார்கள்.

ஏப்ரல் 30 அன்று சரணடையச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயுதத்தை வாங்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் வீலர், திருமண வழியில் கான்ஸ்டன்ஸுக்குத் தூரத்து உறவு. இவர் தன் கைத்துப்பாக்கியை முத்தமிட்டு அவரிடம் கொடுத்தார். காரில் ஏற்றிப் போகிறேன் என்றவரிடம் மறுத்துவிட்டுத் தன் ஆட்களோடு நடந்தே போனார். எதிரணியில் வந்து நின்றவரும் சொந்தக்காரர் என்பதுதான் ஆங்கிலோ-ஐரிஷ் உலகம், அவ்வளவு சின்னது அது.

அந்தப் போலீஸ்காரரைச் சுட்டது இவங்கதானா?

எழுச்சியின் முதல் நாள், ஸ்டீஃபன்ஸ் கிரீனில் மைக்கேல் லஹிஃப் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதமில்லாத இளைஞர். கான்ஸ்டன்ஸ்தான் சுட்டார் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ராணுவ நீதிமன்றத்தில் அவர்மேல் கொலைக் குற்றச்சாட்டே வைக்கப்படவில்லை. தண்டிக்கத் துடித்துக்கொண்டிருந்த அரசு கையில் உறுதியான சாட்சியம் இருந்திருந்தால் விட்டிருக்காது என்பது என் கருத்து. அந்த நேரத்தில் அவர் பூங்காவுக்கு வந்து சேர்ந்திருந்தாரா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அவர் அன்று துப்பாக்கி ஏந்தினார், சுட்டார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கொலையை அவர்தான் செய்தார் என்று நிரூபணம் இல்லாமல் சொல்லக் கூடாது. லஹிஃபின் மரணம் ஒரு வாதப் பொருளாக மட்டும் சுருங்கிப் போனதும் வருத்தம்தான்.

கோர்ட்டுல "நான் பொம்பள, சுடாதீங்க"ன்னு அழுதாங்களாமே?

வழக்கை நடத்திய வில்லியம் வைலி பல ஆண்டுகள் கழித்து எழுதிய குறிப்பில் அப்படிச் சொல்கிறார். பிற்காலத்தில் வெளியான விசாரணைப் பதிவில் அது இல்லை. பதிவில் இருப்பது வேறு: அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடப் போனேன், எனக்கு என்ன நேர்ந்தாலும் பரவாயில்லை, சரி என்று நினைத்ததைச் செய்தேன், அதில் உறுதியாக நிற்கிறேன் என்ற வாக்குமூலம். விசாரணை அறையில் எழுதப்பட்டதையும் நெடுங்காலத்துக்குப் பின் நினைவிலிருந்து எழுதியதையும் வைத்துப் பார்த்தால், எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

தளபதியைச் சுட்டாங்க, அடுத்த நிலையில இருந்தவரை விட்டாங்க. பெண் என்பதால தப்பிச்சாங்களா?

ஆமாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் கருணை காட்டுவதாக நீதிமன்றமே எழுதி வைத்தது. பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் மேக்ஸ்வெல் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். அதைச் சொன்ன அதிகாரியிடம், என்னைச் சுடும் நாகரிகமாவது உங்களுக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டாராம்.

இதில் சிக்கலான ஒரு பகுதி உண்டு. மாலின் தன் விசாரணையில், தனக்குத் தலைமைப் பொறுப்பே இல்லை, கான்ஸ்டன்ஸ் உத்தரவிட்டதால்தான் பொறுப்பேற்றேன் என்று சொன்னார். உண்மை அதற்கு நேர்மாறு. பழியை ஒரு பெண் மேல் போட்டார் என்று அவரைச் சிலர் கடுமையாகப் பேசுவார்கள். வீட்டில் நான்கு குழந்தைகள், மனைவி வயிற்றில் ஐந்தாவது. ஒரு பெண்ணைச் சுட மாட்டார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம். மே 8 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கான்ஸ்டன்ஸ் அதைப் பற்றி எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். சில நாட்களில் ஈவாவும் எஸ்தரும் டப்ளின் வந்து சிறையில் அவரைப் பார்த்தபோது, மாலினின் மனைவியைத் தேடிப் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

குடும்பம் அவரை ஒதுக்கி வெச்சிடுச்சா?

முழுவதும் இல்லை. தாய்க்கு மகளின் அரசியல் கொஞ்சமும் பிடிக்கவில்லை, உறவில் விரிசல் விழுந்தது. ஜோஸ்லின் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைந்திருப்பதை விரும்பியவர், ஆனாலும் அக்கா சிறையில் இருந்தபோது அவருடைய பணம், சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். ஜோஸ்லினையும் வெறும் பிற்போக்காளர் என்று ஒதுக்க முடியாது. விவசாயிகளுக்குக் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்க உதவினார். 1903 நிலச் சட்டம் வந்ததும் எஸ்டேட்டின் பெரும்பகுதியைக் குத்தகைதாரர்களுக்கே விற்றார்.

ஈவாவின் விஷயம் தனி. அவர் போரை அடியோடு எதிர்த்தவர், அக்காவோ படைத் தலைவி. கொள்கையில் இவ்வளவு தூரம் இருந்தும் ஒருநாளும் விலகவில்லை. கான்ஸ்டன்ஸ் இங்கிலாந்தில் எய்ல்ஸ்பரி சிறையில் இருந்தபோது, தினமும் ஒரு குறித்த நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1917 ஜூனில் பொது மன்னிப்பில் விடுதலையானதும், கான்ஸ்டன்ஸ் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்.

முதல் பெண் எம்.பி. நான்சி ஆஸ்டர்தானே? பாடப்புத்தகத்துல அப்படித்தான் இருந்தது.

ஆஸ்டர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண், 1919-ல். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் கான்ஸ்டன்ஸ். 1918 டிசம்பரில், பெண்கள் போட்டியிட முடிந்த முதல் பொதுத் தேர்தலில், டப்ளினின் செயின்ட் பேட்ரிக்ஸ் தொகுதியில் வென்றார். அப்போது மறுபடி கைதாகி லண்டனின் ஹாலோவே சிறையில் இருந்தார். அயர்லாந்து விடுதலை கேட்ட ஷின் ஃபேன் கட்சியினர் 73 இடங்களிலும், லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை, அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பதில்லை என்று மக்களிடம் சொல்லித்தான் வென்றார்கள். அதனால் அவரும் போகவில்லை.

அவர்கள் டப்ளினில் டாயில் என்ற சொந்த மன்றத்தைக் கூட்டினார்கள். 1919 ஏப்ரல் முதல் 1922 ஜனவரி வரை கான்ஸ்டன்ஸ் தொழிலாளர் அமைச்சர். அந்த அரசே தடை செய்யப்பட்டது என்பதால், பாதி நாள் தலைமறைவு, பாதி நாள் சிறை. அவருக்குப் பிறகு இன்னொரு பெண் அயர்லாந்து அமைச்சரவையில் இடம்பெற 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலை கிடைச்ச பிறகும் ஏன் எதிர்த்தாங்க?

1921-ல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தம் முழு விடுதலை தரவில்லை. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் இருந்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிந்தே இருந்தன. விவாதத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். தெற்கிலுள்ள நிலப்பிரபுக்களுக்குத் தனிச் சலுகை தரும் திட்டத்தை எதிர்த்து, நான் அந்த வர்க்கத்தில் பிறந்தவள், மக்களை அவர்கள் எப்படி நசுக்கினார்கள் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் பேசினார். உள்நாட்டுப் போரில் ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார். 1923-ல் ஒப்பந்தப்படி அமைந்த சுதந்திர அரசும் அவரைச் சிறையில் போட்டது, அங்கே உண்ணாவிரதம் இருந்தார். 1926-ல் டெ வலேராவின் ஃபியானா ஃபாயில் கட்சி தொடக்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

கடைசிக் காலத்துல வறுமையில செத்தாங்களா?

கையில் இருந்ததைக் கொடுத்துக்கொண்டே வந்தவர். 1926-ல் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, தன் பழைய காரில் எரிபொருள் மூட்டைகளை ஏற்றி, ஏழைகளின் மாடிக் குடியிருப்புகளுக்குத் தானே சுமந்து போனார். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று ஈவா லண்டனில் இறந்தார். கான்ஸ்டன்ஸ் ஈமச் சடங்குக்குப் போகவில்லை. குடும்பத்தாரை எதிர்கொள்ளும் தைரியம் இல்லை என்றார். அடுத்த ஜனவரியில் தாயும் போய்ச் சேர்ந்தார்.

1927 ஜூன் தேர்தலில், காரைச் சுழற்றுக் கம்பியால் கிளப்பும்போது கை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு பிரசாரம் செய்து வென்றார். ஜூலையில் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சர் பேட்ரிக் டன் மருத்துவமனையின் பொது வார்டில், 59 வயதில் இறந்தார். ஏழைகளோடு இருக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிய இடம் அது. கவனித்த மருத்துவர்களில் ஒருவர் கேத்லீன் லின், 1916-ல் உடன் போராடியவர், ஒரு புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகள். வார்சாவிலிருந்து கசிமிர் வந்து சேர்ந்தார், ஸ்டானிஸ்லாஸும் வந்தார். நகர மண்டபத்தில் உடலை வைக்க இடம் தரப்படவில்லை. ரொட்டண்டா அரங்கில் வைத்தார்கள், ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வரிசையில் நின்றன. கிளாஸ்னெவின் கல்லறையில் டெ வலேரா இரங்கல் உரை ஆற்றினார்.

குடும்பம் இப்ப என்ன ஆச்சு? வீட்டைப் போய்ப் பார்க்க முடியுமா?

1920-23 காலத்தில் அயர்லாந்தில் 270-க்கும் மேற்பட்ட பெரிய மாளிகைகள் கொளுத்தப்பட்டன. லிஸ்ஸடெல் தப்பியது. ஜோஸ்லின் 1944-ல் இறந்தார். அவருடைய இரண்டு மகன்கள் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் உயிர்விட்டார்கள். கான்ஸ்டன்ஸின் தம்பி பிள்ளைகள்தான் அவர்கள். மூத்த மகனுக்கு மனநலம் சரியில்லாததால் சொத்து நீதிமன்ற மேற்பார்வைக்குப் போய், நிர்வாகம் பல ஆண்டுகள் சிக்கலில் கிடந்தது. மேவ் 1962-ல் இறந்தார். 2003-ல் கோர்-பூத் குடும்பம் லிஸ்ஸடெல்லை விற்றுவிட்டது.

வாங்கியவர்கள் வீட்டைச் சீரமைத்து, கோடைக்காலத்தில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஸ்லைகோ நகரிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரம்தான், சாப்பாட்டு அறையைத் தவறவிடாதீர்கள். டப்ளினில் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்குள் கான்ஸ்டன்ஸின் மார்பளவுச் சிலை இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் ஹாம்ஸ்டெட்டில் செயின்ட் ஜான் தேவாலயக் கல்லறைக்கும் போய் வாருங்கள். ஈவாவையும் எஸ்தரையும் அங்கே ஒரே குழியில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.